ரியாக்டருக்குள் கேமரா இல்லை: சி.எஃப்.டி. பற்றி ஓர் எளிய விளக்கம்

போன மாதம் ஒரு ஞாயிறு காலை, மும்பை மாதுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் டிபனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வாசலில் காத்திருந்தோம். கூட இருந்த இருவரும் கெமிக்கல்காரர்கள். அம்பர்நாத்தில் புரொடக்‌ஷன் பார்ப்பவர் சொன்னார்: "புது புராடக்டுக்கு சி.எஃப்.டி. பண்ணியாச்சு. இனி அஞ்சு கே.எல்.ல நேரா போட்டுட வேண்டியதுதான்." (சி.எஃப்.டி. என்றால், ரியாக்டருக்குள் திரவம் எப்படி ஓடுகிறது, எப்படிக் கலக்கிறது என்று கணினியில் கணக்கிட்டு, கலர் படமாகக் காட்டும் முறை.) தலோஜாவில் முப்பது வருடம் ரியாக்டர்களோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர் சிரித்தார்: "அதெல்லாம் கலர் கோலம் சார். நாங்க சத்தத்தைக் கேட்டே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுவோம்." என்னோடு வந்திருந்த அண்ணன் மகன் கெமிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். மெதுவாகக் கேட்டான்: "அத்தை, இதுல யாரு சொல்றது சரி?"

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை என்றேன். ஒருவர் அதை எக்ஸ்ரே என்று நம்புகிறார், மற்றவர் அலங்காரம் என்று ஒதுக்குகிறார். உண்மையில் அது ஒரு கணக்குப் புத்தகம். வரவு செலவை நேர்மையாக எழுதும். ஆனால் சில வரிகளில் ஊகத்தையும் எழுதிவைக்கும். எந்த வரி கணக்கு, எந்த வரி ஊகம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். அன்றைக்கு மேசை கிடைக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

டம்ளரும் அண்டாவும்

ரியாக்டர் என்பது வேதிவினை நடக்கும் பாத்திரம், அவ்வளவுதான். நம் பக்கத்து மருந்து, சாயத் தொழிற்சாலைகளில் அது பெரும்பாலும் நின்றவாக்கில் இருக்கும் ஓர் உருளை. நடுவில் கலக்கி, அதாவது அஜிட்டேட்டர். சுற்றிலும் சூடாக்கவோ குளிர்விக்கவோ ஜாக்கெட். "அஞ்சு கே.எல்." என்றால் 5 கிலோலிட்டர், 5,000 லிட்டர்.

ஆய்வகத்தில் 1 லிட்டர் குடுவையில் அழகாக வந்த வினை, 5,000 லிட்டரில் ஏன் மக்கர் செய்கிறது? வீட்டில் ஒரு டம்ளர் காபியில் சர்க்கரை போட்டு இரண்டு ஆற்று ஆற்றினால் கலந்துவிடும். கல்யாண வீட்டு அண்டாவில் பாயசத்துக்குச் சர்க்கரை கொட்டிவிட்டு இரண்டு சுற்று துடுப்பு போட்டால்? ஒரு பந்திக்குச் சப்பென்று இருக்கும், அடுத்த பந்திக்குத் திகட்டும். அடி பிடிப்பது தனிக் கதை. சமையல்காரர் அதே ஆள், பொருளும் அதே பொருள். மாறியது அளவு மட்டும்தான்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. 1 லிட்டர் 5,000 லிட்டர் ஆகும்போது, பாத்திரத்தின் வடிவம் மாறாமல் இருந்தால், உயரமும் விட்டமும் சுமார் 17 மடங்காகின்றன. ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர்ப் பரப்பு 17-இல் ஒரு பங்காகிவிடுகிறது. சூட்டை வெளியேற்றும் வழி அந்தச் சுவர்தான்.

கலக்கும் நேரத்துக்கு வருவோம். லிட்டருக்கு இத்தனை வாட் என்று ஒரே சக்தியைக் கொடுத்தால், குடுவையில் 5 விநாடியில் கலந்தது பெரிய ரியாக்டரில் 33 விநாடி எடுக்கும். "பரவாயில்லை, அங்கேயும் 5 விநாடியிலேயே கலக்கட்டும்" என்று அடம்பிடித்தால் லிட்டருக்குக் கொடுக்கும் சக்தி 290 மடங்காக வேண்டும். குடுவையில் 1 வாட் போதும் என்று வைத்துக்கொண்டால், ரியாக்டருக்கு ஏறத்தாழ 1,450 கிலோவாட் மோட்டார். நிஜத்தில் அந்த அளவு ரியாக்டரின் தலையில் உட்கார்ந்திருப்பது சில கிலோவாட் மோட்டார்தான்.

ஆக, பெரிய ரியாக்டர் என்பது பெரிதாக்கிய குடுவை அல்ல. அதற்குள் மூலைக்கு மூலை நிலைமை வேறு.

சரியாகக் கலக்காவிட்டால் என்ன ஆகிவிடும்?

சாயத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். அசோ சாயங்கள் இணைப்பு வினையில் உருவாகின்றன. டயசோனியம் என்ற வினைபொருளின் கரைசலை இன்னொரு கரைசலுக்குள் விட்டதும் சட்டென்று வினை நடந்து நமக்கு வேண்டிய சாயம் வந்துவிடும். ஆனால் சொட்டு விழுந்த இடத்தில் டயசோனியம் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தேங்கி நின்றால், உருவான சாயத்தின் மேலேயே இன்னொரு முறை போய் ஒட்டிக்கொள்ளும். அது வேண்டாத பொருள், நிறமும் கெட்டுப்போகும். மொத்த அளவு, வெப்பநிலை, நேரம் என்று பேட்ச் ஷீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். எந்த இடத்தில் சொட்டு விழுந்தது என்பதுதான் தவறு.

இதைவிடக் கொடிய உதாரணம் செவேசோ. 1976 ஜூலை 10, ஒரு சனிக்கிழமை. இத்தாலியில் அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்த ஆலையில் ட்ரைகுளோரோஃபீனால் பேட்ச் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு, கலக்கியையும் அணைத்துவிட்டு, வார இறுதிக்காக ஆட்கள் கிளம்பினார்கள். திரவத்தின் சராசரி வெப்பநிலை 158 டிகிரிதான். அதை ஆபத்தில்லாத அளவு என்றே நினைத்தார்கள். ஆனால் நீராவியால் சூடேறியிருந்த மேற்பகுதிச் சுவர் அதைவிட மிகச் சூடாக இருந்தது. கலக்கல் நின்றதும் அந்தச் சூடு முழுத் திரவத்துக்கும் பரவாமல் மேலடுக்கில் மட்டும் தங்கி, அங்கே வினை மெல்லத் தலைதூக்கியது என்பதுதான் பிற்கால ஆய்வுகள் தரும் விளக்கம். சில மணி நேரத்தில் அழுத்தத் தகடு வெடித்து, டையாக்சின் என்ற கொடிய நஞ்சு கலந்த மேகம் ஊர்மேல் பரவியது. கலன் முழுவதற்கும் ஒரே வெப்பநிலை என்று நினைத்ததற்குக் கிடைத்த பலன் அது.

தாதர் பாலத்துக் கணக்கு

இரும்புக் கலனுக்குள் இடத்துக்கு இடம் என்ன நடக்கிறது என்று கணக்குப்போட்டுச் சொல்லும் முறைதான் கணிமப் பாய்ம இயக்கவியல். பாய்மம் என்றால் ஓடக்கூடிய எதுவும், திரவமோ வாயுவோ. பெயர் நீளமாக இருப்பதால் எல்லோரும் சி.எஃப்.டி. என்கிறோம்.

காலை ஒன்பது மணிக்கு தாதர் ஸ்டேஷன் நடை மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மனதுக்குள் அதைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டத்துக்குள் ஒரு நிமிடத்தில் 200 பேர் நுழைகிறார்கள், 180 பேர் வெளியேறுகிறார்கள் என்றால் 20 பேர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். யாரும் மாயமாக மறைவதில்லை. ஒரு கட்டத்திலிருந்து வெளியேறுபவர் அடுத்த கட்டத்துக்குள்தான் வந்தாக வேண்டும். இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு, செலவு, இருப்பு எழுதினால் பாலம் முழுக்கக் கூட்டம் எப்படி நகர்கிறது என்று தெரிந்துவிடும். எந்த ஒரு ஆளின் முகமும் தெரியாது. அது தேவையும் இல்லை.

ரியாக்டரிலும் இதையேதான் செய்கிறோம். உள்ளிருக்கும் திரவத்தைச் சிறு பெட்டிகளாக வெட்டுகிறோம். இந்தப் பெட்டிகளின் அடுக்குக்குத்தான் மெஷ் என்று பெயர். ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு பேரேடு: எவ்வளவு நிறை வந்தது போனது, எவ்வளவு உந்தம் (நிறையும் வேகமும் சேர்ந்த தள்ளுவிசை என்று வைத்துக்கொள்ளலாம்), எவ்வளவு வெப்பம், ஒவ்வொரு வேதிப்பொருளும் எவ்வளவு.

இதில் தலைவலி பிடித்தது உந்தப் பேரேடு. பக்கத்துப் பெட்டி அழுத்தித் தள்ளும். வேகமாகப் போகும் பக்கத்துப் பெட்டி உரசி இழுத்துக்கொண்டும் போகும். தேனில் இந்த இழுப்பு அதிகம், தண்ணீரில் குறைவு. இந்தக் குணத்துக்குப் பாகுநிலை என்று பெயர். இவை எல்லாவற்றையும் சேர்த்து எழுதியவைதான் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். பிரெஞ்சுக்காரர் நேவியர் 1822-இலும், ஸ்டோக்ஸ் 1845-இலும் எழுதினார்கள். இன்றுவரை இவற்றுக்குப் பொதுவான தீர்வு கிடையாது. முப்பரிமாணத்தில் தீர்வு எப்போதும் ஒழுங்காக இருக்குமா என்ற கேள்விக்கே, 2000-இல் கிளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பரிசு அப்படியே கிடக்கிறது. கையால் தீராத கணக்கு என்பதால்தான் கணினியிடம் போகிறோம்.

ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். லோக்கல் ரயில் கூட்டம்போலத் திரவத்தை நெருக்கி அடைக்க முடியாது. ஒரு பெட்டிக்குள் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவும் வெளியேறியே ஆக வேண்டும். அதற்கேற்ப அழுத்தம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் அழுத்தம் தெரிந்தால்தான் வேகம் தெரியும், வேகம் தெரிந்தால்தான் அழுத்தம் தெரியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற நிலைமை.

இந்த முடிச்சை அவிழ்க்கப் பரவலாகப் பயன்பட்ட வழியை 1972-இல் வெளியிட்டவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஸ்பால்டிங்கும், அங்கே அவரிடம் ஆய்வு செய்த சுஹாஸ் படான்கரும். படான்கர் நம் பவாய் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். படித்தவர். வழி இதுதான்: அழுத்தத்தைச் சும்மா ஊகித்துக்கொள். அதைவைத்து வேகத்தைக் கணக்கிடு. வரவும் செலவும் எங்கே இடிக்கிறது என்று பார். இடிக்கிற அளவுக்கு அழுத்தத்தைத் திருத்து. மறுபடி முதலிலிருந்து. நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான சுற்றுகளுக்குப் பிறகு இடிப்பு கிட்டத்தட்ட மறைந்துவிடும். இதைத்தான் "கன்வெர்ஜ் ஆயிடுச்சு" என்கிறோம். பேரேடு நேர்ப்பட்டது என்பது மட்டுமே அதற்கு அர்த்தம். விடை உண்மை என்று அர்த்தமில்லை. இந்த இடத்தில் தடுக்கி விழாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் விழுந்திருக்கிறேன், பின்னால் சொல்கிறேன்.

இதுவரை பார்த்தது: கலனைப் பெட்டிகளாக வெட்டுகிறோம், பெட்டிக்குப் பெட்டி வரவு செலவு எழுதுகிறோம், இடிப்பு தீரும்வரை திருத்துகிறோம். இந்த மட்டும் கணக்கு. ஊகம் இனிமேல்தான் வருகிறது.

ஒரு டீஸ்பூனுக்குள் என்ன நடக்கிறது?

5,000 லிட்டரைப் பத்து லட்சம் பெட்டிகளாக வெட்டினால் ஒரு பெட்டி 5 மில்லி. அதாவது ஒரு டீஸ்பூன். பத்து லட்சம் என்பது அலுவலகக் கணினியில் ஓடக்கூடிய அளவு. கேட்கவும் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் ஒரு டீஸ்பூனுக்குள் திரவம் முழுக்க ஒரே வேகத்தில் போகிறதா?

1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, நடுவில் சாயத்தை இழையாகச் செலுத்தினார். ஓட்டம் மெதுவாக இருந்தவரை சாயம் நேர்க்கோடாகப் போனது. இது வரிச்சீர் ஓட்டம். வேகத்தைக் கூட்டியதும் ஒரு கட்டத்தில் கோடு சிதறி, சுழல்களாகி, குழாய் முழுக்கக் கலந்தது. இது கொந்தளிப்பு ஓட்டம். எது எப்போது வரும் என்று காட்டும் எண்ணுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கலக்கி உள்ள ரியாக்டரில் ரெனால்ட்ஸ் எண் 10,000-ஐத் தாண்டினால் முழுக் கொந்தளிப்பு என்பார்கள். தண்ணீர்போன்ற திரவத்தோடு ஓடும் நம் அஞ்சு கே.எல். ரியாக்டரில் அது சர்வசாதாரணமாக லட்சங்களில் இருக்கும்.

கொந்தளிப்பில் பெரிய சுழல் உடைந்து சிறு சுழலாகும், அது இன்னும் சிறிதாகும். கடைசியில் பாகுநிலை அதை விழுங்கி வெப்பமாக்கிவிடும். அந்தக் கடைசிச் சுழலின் அளவை 1941-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மொகோரோவ் கணித்தார். தண்ணீரில் கிலோவுக்கு 1 வாட் கொடுத்துக் கலக்கினால் அது சுமார் 30 மைக்ரான் வரும். தலைமுடியின் தடிமனில் பாதிக்கும் குறைவு. ஒவ்வொரு சுழலையும் விடாமல் பிடிக்க வேண்டுமானால் பெட்டியும் அந்த அளவுக்கு இருக்க வேண்டும். 5,000 லிட்டருக்கு அப்படிக் கணக்கிட்டால் இரண்டு கோடி கோடிக்குக் கொஞ்சம் குறைவான பெட்டிகள். ஒவ்வொரு டீஸ்பூனும் 18 கோடிப் பெட்டிகளாக வேண்டும். நடக்கிற காரியமில்லை.

எனவே டீஸ்பூனுக்குள் நடப்பதைக் கணக்கிடாமல், அதன் விளைவை மட்டும் ஒரு தோராய விதியால் எழுதுகிறோம். மறுபடியும் தாதர் பாலம்தான். ஒவ்வொருவர் தோளும் யாரை இடிக்கிறது என்று பார்க்க முடியாது. "இந்தக் கட்டத்தில் நெரிசல் இவ்வளவு, அதனால் நகர்வு இப்படி இருக்கும்" என்று மொத்தமாகச் சொல்லலாம். இந்தத் தோராய விதிக்குக் கொந்தளிப்பு மாதிரி என்று பெயர். தொழிலில் அதிகம் புழங்குவது கே-எப்சிலான். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டே எண்களை அது கூடுதலாகச் சுமக்கிறது: சுழல்களில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது, அது என்ன வேகத்தில் கரைகிறது. அதிலுள்ள மாறிலிகள் இயற்கை விதியிலிருந்து நேராக வந்தவை அல்ல, எளிய ஓட்டங்களின் சோதனை அளவீடுகளோடு பொருத்தி எடுத்தவை. பலமாகச் சுழலும் ஓட்டத்தில் கே-எப்சிலான் தடுமாறும் என்பது தெரிந்த விஷயம். கலக்கியைச் சுற்றி இருப்பதோ சுழலும் ஓட்டம்தான்! கலக்கியின் இறக்கைக்குப் பக்கத்தில் கொந்தளிப்பை அது குறைத்தே மதிப்பிடும். தெரிந்தேதான் பயன்படுத்துகிறோம். மேம்பட்ட முறைகள் உண்டு, அவற்றுக்கு நாட்கணக்கில் கணினி ஓட வேண்டும்.

சோறும் சாம்பாரும்

ஓட்டத்தோடு வேதிவினையும் சேரும்போது இன்னொரு சிக்கல் முளைக்கிறது. இலையில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் சாம்பார். இன்னும் பிசையவில்லை. சராசரி எடுப்பவன் பார்வையில் அது ஏற்கெனவே சாம்பார் சாதம். சி.எஃப்.டி. பெட்டியும் அப்படித்தான் பார்க்கும். டீஸ்பூனுக்குள் இரண்டு வினைபொருள்களும் பாதிப் பாதி இருந்தால், நன்றாகக் கலந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு வினையை ஓட்டிவிடும். நிஜத்தில் அவை தனித்தனி இழைகளாக நின்றுகொண்டிருக்கலாம்.

வினை நிதானமானது என்றால் இது பெரிய விஷயமில்லை. வினை நடப்பதற்குள் பிசைந்து முடிந்துவிடும். ஆனால் மேலே சொன்ன அசோ இணைப்புபோலக் கண் இமைப்பதற்குள் முடிகிற வினைகளில் இதுதான் விளைச்சலையே தீர்மானிக்கும். இழை அளவில் நடக்கும் இந்தப் பிசைதலுக்கு நுண்கலத்தல் என்று பெயர். அதற்கும் தனியாக ஒரு தோராய விதி சேர்க்க வேண்டும். உங்கள் வினை வேகமானதா, மெதுவானதா என்று கேட்காமலே ஒருவர் சி.எஃப்.டி. செய்துகொடுத்தால் கொஞ்சம் உஷாராகிவிடுங்கள். ஹைட்ரஜன் குமிழிகள், திட வினையூக்கித் துகள்கள் என்று மேலும் சேரச்சேர ஊகங்களும் கூடும். அதற்குள் இங்கே போக வேண்டாம்.

ஊகங்கள் இரண்டு, சுருக்கமாக: டீஸ்பூனுக்குள் நடக்கும் கொந்தளிப்பு ஒன்று, டீஸ்பூனுக்குள் நடக்கும் கலத்தல் இன்னொன்று. இரண்டுமே பெட்டியைவிடச் சிறியவை, அதனால்தான் ஊகம்.

நான் விழுந்த குழி

பல வருடங்களுக்கு முன், அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் 3 கே.எல். ரியாக்டர் ஒன்றுக்கு நான் சி.எஃப்.டி. செய்தேன். கன்வெர்ஜ் ஆனது. படம் பளிச்சென்று வந்தது. அடியிலிருந்து மேல்வரை ஓட்டம், தேக்கம் எங்கேயும் இல்லை. மீட்டிங்கில் தலையாட்டினார்கள். முதல் பேட்சை இறக்கும்போது அடிச் சுவரெல்லாம் களிபோல அப்பிக்கொண்டிருந்தது. காரணம் எளிது. வினை பாதியைத் தாண்டியதும் சரக்கு கஞ்சிபோலக் கெட்டிப்படும். நான் கொடுத்திருந்ததோ தண்ணீரின் பாகுநிலை. நான் கொடுத்த எண்களுக்கு மென்பொருள் சரியான விடையைத்தான் தந்தது. அந்தக் கெட்டிப்படுதலைப் பற்றி ஷிஃப்ட் ஆபரேட்டருக்கு முன்பே தெரியும். நான் கேட்கவில்லை.

அதிலிருந்து, எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் என்ன எண்கள் உள்ளே போயின என்றுதான் கேட்கிறேன். அடுத்து, பெட்டிகளை இரண்டு மடங்காக்கிப் பார்த்தார்களா என்று. பெட்டி எண்ணிக்கையை மாற்றினால் விடையும் மாறுகிறது என்றால், அந்த விடை ரியாக்டரைப் பற்றியது அல்ல, மெஷ்ஷைப் பற்றியது. நிறங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பு என்பது எத்தனைக்குச் சிவப்பு என்பதைப் படம் போடுபவர்தான் தீர்மானிக்கிறார். அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தினால் அதே விடை பயங்கரமாகவும் தெரியும், சாந்தமாகவும் தெரியும். அந்த அளவில் தலோஜாக்காரர் சொன்ன கலர் கோலத்தில் நியாயம் இருக்கிறது.

கடைசியாக, எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்ற கேள்வி. கலக்கியை ஓட்ட உண்மையில் எத்தனை வாட் ஆகிறது? உப்புக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி, மின்கடத்துத் திறன் எல்லா இடத்திலும் சமமாக எத்தனை விநாடி ஆகிறது? இரண்டையும் தொழிற்சாலையிலேயே அளந்துவிடலாம். ஆய்வகத்தில் இன்னும் நுணுக்கமாக, லேசர் ஒளியால் திரவத்தின் வேகத்தையே புள்ளிக்குப் புள்ளி அளப்பார்கள். நாங்கள் டிபனுக்கு நின்ற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில், 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி இன்று ஐ.சி.டி. (வேதித் தொழில்நுட்ப நிறுவனம்) என்று அழைக்கப்படும் வளாகத்தில், பேராசிரியர் ஜே.பி. ஜோஷியின் குழு கலக்குக் கலன்களிலும் குமிழிக் கலன்களிலும் இப்படி அளந்து, கணக்கோடு ஒப்பிடுவதைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறது.

அப்படியானால் எதற்குத்தான் நம்பலாம்? ஒப்பிடுவதற்கு நம்பலாம். டயசோனியத்தை மேலிருந்து சொட்டவிடுவதா, குழாயை இறக்கிக் கலக்கிக்குப் பக்கத்தில் விடுவதா என்ற கேள்விக்கு சி.எஃப்.டி. தரும் பதில் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊகத்தில் உள்ள பிழை இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் எது மேல் என்பது மாறாது. "விளைச்சல் 94.3 சதவீதம் வருமா?" என்று கேட்டால் மட்டும் அது சொல்லும் தசமப் புள்ளியைக் காதில் வாங்காதீர்கள். அம்பர்நாத் நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன்: நேராக 5 கே.எல். போகாதீர்கள், நடுவில் 100 லிட்டரில் ஒரு பேட்ச் போட்டு, கணக்கு அங்கே ஒத்துவருகிறதா என்று பாருங்கள். அவர் முகம் சுருங்கியது. பெயர் கூப்பிட்டதும் உள்ளே போய்விட்டோம்.

காபி வந்தபோது பையன் கேட்டான்: "அத்தை, இதை என் லேப்டாப்புல பண்ண முடியுமா?" தாராளமாக. ஓப்பன்ஃபோம் என்ற மென்பொருள் 2004-இலிருந்து எல்லோருக்கும் இலவசம். பவாய் ஐ.ஐ.டி.யில், இலவச மென்பொருளைப் பரப்பும் ஃபோஸி திட்டத்தில் அதற்குப் பயிற்சி வீடியோக்களும் உண்டு. முதல் பாடம் ரியாக்டர்கூட இல்லை. 10 சென்டிமீட்டர் சதுரத்தில் திரவம், மேல்மூடி மட்டும் விநாடிக்கு 1 மீட்டர் நகர்கிறது. 20-க்கு 20, மொத்தம் 400 பெட்டிகள்தான். கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்து, நடுவில் ஒரு சுழல் தெரியும். அதை உடனே ஸ்டேட்டஸில் போட்டுவிடாதே, முதலில் 40-க்கு 40 ஆக மாற்றி இன்னொரு முறை ஓட்டு, சுழலின் மையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து எனக்கு அனுப்பு என்றேன். செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு எண்கள் மட்டும் வாட்ஸாப்பில் வந்தன, படம் இல்லாமல்.